காய்ந்த தலையில் சீப்பு வைக்காதீர்கள்

ஸ்பிரிங்வெளித் தோட்டம், கீழ்ப்பிரிவு,
பதுளை.
15.8.1971

மரியாதைக்குரிய பெலிசித்தா அக்காவுக்கு, முன்பின் பார்த்திராத பாக்கியலெட்சுமி கைகூப்பி எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். புத்தளத்தில் நீங்களும் உங்கள் தம்பி லாசரும் சுகமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆசை.

நான் யார் என்று உங்கள் தம்பி சொல்லியிருப்பார். சொல்லாமலும் இருந்திருப்பார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவர் உப்பு லொறியில் பதுளைக்கு வந்து ஜாபிர் முதலாளி கடையில் மூட்டை இறக்குவார். அங்கே சாமான் வாங்கப் போன இடத்தில்தான் பழக்கம். அரசாங்கக் கச்சேரியில் பதிவு எழுதிக் கல்யாணம் முடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைக்கு இப்போது ஒன்றரை வயது. பெயர் கனகம்மா, கனகு என்று கூப்பிடுகிறோம். அவளுக்கு ஆறு மாதமாக இருக்கும்போது ஒரு தடவை வந்து பார்த்தார். தலையைத் தடவி, "எங்க அக்கா தல அப்படியே" என்று சிரித்தார். இந்தச் சித்திரைக் கலவரத்துக்குப் பிறகு லொறியும் வரவில்லை, அவரும் வரவில்லை.

அக்கா, நான் எழுதுவது அந்தத் தலையைப் பற்றித்தான். எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் இப்படி முடி கிடையாது. சின்னச் சின்னச் சுருள். விரலை உள்ளே விட்டால் விரல் திரும்பி வராது. சீப்பை எடுத்தாலே அலறுகிறாள். நேற்று சீப்பின் பல் ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. நாங்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிற ஆயா, "இது தலையா, தேயிலச் செடியா? கவ்வாத்து வெட்டுற கத்தியக் கொண்டாங்கடி" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறாள். மூன்று மொட்டை போட்டால் முடி நேராகிவிடும் என்று அம்மா நிற்கிறாள். எனக்கு மனமில்லை. அவர் தொட்டுச் சிரித்த முடி.

என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கத்தில் நீங்கள் அவளுக்கு அத்தை. பதிலை ஜாபிர் முதலாளி கடை விலாசத்துக்கே போடுங்கள். தோட்டத்துக்கு வருகிற தபால் அப்பா கைக்குப் போகும்.

உங்கள் பதிலை நம்பியிருக்கும்,
பாக்கியலெட்சுமி

*

புத்தளம்
2.9.1971

தங்கச்சி பாக்கியலெட்சுமிக்கு, தலவில அன்னம்மாள் இரக்கத்தால் இங்கே சுகம். உப்புக் காற்றுக்கு முழங்கால் மட்டும் முறுக்குகிறது. உனக்கும் என் மருமகளுக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஆயா சொன்னதற்குச் சிரித்தேன். பிறகு அவள் மேல் கோபம் வந்தது. அது எங்கள் முடி, காப்பிரி முடி. எங்கள் பாட்டன் பூட்டனைப் பறங்கியர் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். பாஷையில் பாதி மறந்துபோய்விட்டது. முடி அப்படியே இருக்கிறது. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

சொல்வதைக் கேள். காய்ந்த தலையில் சீப்பு வைக்காதே. முதலில் தண்ணீர் தெளி, பிறகு உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் விட்டு முடி முழுக்கப் பூசு. தலையை நாலு வகிடாகப் பிரித்து, மூன்றை முடிந்து வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கையில் எடு. முதலில் விரல், பிறகுதான் சீப்பு. வேரிலிருந்து கீழே இழுக்காதே, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போ. அடிமுடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பிள்ளைக்கு வலிக்காது. தினமும் சீயக்காய் தேய்க்கிறாயா? நிறுத்து. கம்பளியில் படுக்க வைக்கிறாயா? கம்பளி எண்ணெயைக் குடித்துவிடும். பழைய மெல்லிய சீத்தைத் துணியைத் தலையில் கட்டிப் படுக்க வை.

மொட்டை போட்டால் நேராகாது. நூறு மொட்டை போட்டாலும் அதேதான் முளைக்கும், எழுதி வைத்துக்கொள்.

தம்பி தொழிலோடு அலைகிறான். எனக்குக் குஞ்சு குருமான் இல்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நீ எழுதினால் எனக்கு ஆறுதல். இங்கே மாமி என்பார்கள். நீ எழுதிய அத்தை என்ற சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது.

கனகுவின் அத்தை,
பெலிசித்தா

*

ஸ்பிரிங்வெளி
10.10.1971

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். முழங்காலுக்கு நொச்சி இலை போட்டு ஒத்தடம் கொடுங்கள். எங்கள் பக்கம் ஓயாத மழை, எல்லார் காலிலும் அட்டைக்கடி.

உங்கள் கைக்குப் பொன் காப்பு போட வேண்டும். நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதல் நாள் ஒரு மணி நேரம் எடுத்தது, இப்போது பாதி நேரத்தில் முடிகிறது. அவள் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பயம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு வகிடுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். "ஒண்ணு தாத்தாவுக்கு, ஒண்ணு மாமாவுக்கு, ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு அம்மாவுக்கு." நாலாவதைச் சொல்லாவிட்டால் தலையைத் தரமாட்டாள். நாலு சடையோடு போனதைப் பார்த்து ஆயாவே, "அட, எங்கடி புடிச்ச இந்தக் கைவேலய?" என்றாள். புத்தளத்தில் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்கா, ஒரு விசயம். எங்கள் அப்பா கந்தப்பன், வீட்டு ஆட்களுக்கெல்லாம் இந்தியப் பிரசாவுரிமை கேட்டு முன்பே எழுதிப்போட்டிருந்தார். அது கிடைத்துவிட்டது. அப்பா அம்மாவோடு என் பெயர், அண்ணன் நல்லையா பெயர், மதினி ராசம்மா பெயர் எல்லாம் இருக்கிறது. பாஸ்போட் வந்தால் கப்பலேற வேண்டும். கனகு பிறந்ததை இன்னும் பதியவில்லை. தோட்டத்துக் கிளாக்கர், "தகப்பன் பேரு என்ன போடுறது?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். உங்கள் தம்பி வந்து கையெழுத்துப் போட்டு எங்களை இங்கேயே வைத்துக்கொண்டால் நானும் பிள்ளையும் போக வேண்டியதில்லை. அவரிடம் சொன்னீர்களா? ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவருக்கு எழுத நேரமில்லாவிட்டால் நீங்களே எழுதுங்கள்.

பாக்கியம்

*

புத்தளம்
20.11.1971

தங்கச்சிக்கு, நொச்சி ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் பரவாயில்லை. மழையில் பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். தலை ஈரத்தோடு வெளியே விடாதே.

இத்துடன் ஒரு பார்சல். அதில் இருப்பது மரச் சீப்பு, பல் அகலம். எங்கள் ஊர்த் தச்சனிடம் சொல்லி உன் மகளுக்கென்றே செய்தேன். நீலத்தில் இரண்டு ரிபன் வைத்திருக்கிறேன். சிக்கு மிஞ்சினால் செவ்வரத்தைப் பூச்செடியின் இலையைத் தண்ணீரில் கசக்கு, கொழகொழவென்று வரும். அதைப் பூசினால் சீப்பு தானாக வழுக்கிக்கொண்டு போகும். சடையை இழுத்து இறுக்கிப் பின்னாதே, நெற்றி ஓரத்து முடி கழன்றுவிடும். ஞாயிறு தோறும் கோயிலுக்கு முன்னால் மூன்று தலைக்கு வாரிப் பழகிய கை இது, நான் சொன்னால் பிழையாகாது.

கனகு என்ன பேசுகிறாள், என்ன சாப்பிடுகிறாள், எல்லாம் எழுது.

அத்தை பெலிசித்தா

*

ஸ்பிரிங்வெளி
12.12.1971

அன்புள்ள அக்காவுக்கு, பார்சல் வந்தது. சீப்பை வாங்கியதும் கனகு வாயில் வைத்துக் கடித்தாள். ரிபனை அவிழ்க்க விடமாட்டேன் என்கிறாள். உங்களுக்குக் கோடி நன்றி.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. போகட்டும் என்றிருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. குஞ்சு குருமான் இல்லை என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியென்றால் ஞாயிறு தோறும் வாருகிற அந்த மூன்று தலை யாருடையது?

பாக்கியலெட்சுமி

*

புத்தளம்
6.3.1972

தங்கச்சி பாக்கியத்துக்கு,

சுகம் விசாரிக்கவும் எனக்கு வாய் இல்லை. மூன்று மாதமாகக் காகிதத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன்.

அவை லாசருடைய பிள்ளைகள். அவனுக்கு இங்கே கோயிலில் கல்யாணம் நடந்து ஒன்பது வருசம். அவன் பெண்சாதிக்கு என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் வீடு. உன் முதல் கடிதம் வந்த அன்றே அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, அவளுக்கு எழுதாதீங்க. தானா மறந்துருவா" என்றான். என் கையால் அறைந்தேன். அவன் வரமாட்டான், கையெழுத்தும் போடமாட்டான். பதுளைப் பக்கம் லொறியில் போவதையே விட்டுவிட்டான்.

அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். அந்தப் பிள்ளையின் தலையைப் பற்றி வாசிக்க எனக்கு ஆசையாக இருந்தது. பாவி நான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. கனகுவை என்னிடம் விட்டுவிட்டுப் போ. இங்கே அவளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், தெருவுக்குப் பத்துத் தலை அப்படித்தான். நான் வளர்க்கிறேன். உனக்கு மாதா மாதம் எழுதுகிறேன். நீ அங்கே போய் ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்ளலாம்.

பெலிசித்தா

*

ஸ்பிரிங்வெளி
30.3.1972

பெலிசித்தா அம்மாவுக்கு,

ஜாபிர் முதலாளி கடை வாசலில் நின்றே படித்தேன். "என்ன புள்ள, முகம் இப்பிடிப் போச்சு? ஊட்டுல ஆருக்கும் சுகமில்லையா?" என்று முதலாளி கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஏழு மாதம் என் பிள்ளைக்கு வகிடு எடுக்கும்போதெல்லாம் ஒன்று அப்பாவுக்கு என்று சொன்னேனே, அதை நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தீர்களே.

பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்கள். பெற்ற வயிற்றுக்கு அது முடியுமா? நான் எங்கே போனாலும் அவள் என் இடுப்பில்தான்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "தகப்பன் பேரு இல்லாம புள்ளய எந்தக் கணக்குல ஏத்துறது? நல்லையா புள்ளனு எழுதிருவோம். எல்லாரும் ஒரே கப்பல்ல தான போறோம். அங்க போயி ஒரே அடுப்புல தான பொங்கப் போறோம்" என்றார். சரி என்றேன். கிளாக்கர் மதினி பெயரையே தாய் என்று எழுதினார். பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்க வேண்டும். மதினிக்கு இடுப்புவரை நேர்முடி, அண்ணனுக்கும் அப்படித்தான். பிள்ளையின் தலையைப் பார்த்தால் எந்தக் குருடனுக்கும் தெரிந்துவிடும். நேற்று மொட்டை போட்டாகிவிட்டது. நானே தான் பிடித்துக்கொண்டேன். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீப்பு வரப்போகிறது என்று நினைத்தாள்.

நிறையத் தடவை யோசித்துவிட்டுத்தான் இதை எழுதினேன். இனி எழுதமாட்டேன்.

பாக்கியலெட்சுமி

*

புத்தளம்
25.4.1972

தங்கச்சிக்கு, நீ சுகமாக இருக்க வேண்டும். என்னைத் திட்டியதற்கு எனக்கு வருத்தமில்லை. இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆனால் அந்தக் காகிதத்தை மாற்று. உன் காலைப் பிடித்துச் சொல்கிறேன். என் நாத்தனார் பிள்ளையை இப்படித்தான் அவள் அக்கா பெயரில் எழுதினார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்று. பிறகு அக்காக்காரி பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காகிதத்தில் யார் தாயோ அவளிடம்தான் ஊர் பிள்ளையைக் கொடுக்கும். நான் பதுளைக்கு வருகிறேன். உங்கள் கிளாக்கர் முன்னால் நின்று, இது என் தம்பி பிள்ளை, இவள்தான் பெற்றவள் என்று சாட்சி சொல்கிறேன். என் முக்காட்டை எடுத்தால் போதும், என் தலையே சாட்சி. ஒரு வரி எழுது. அடுத்த ரயிலுக்கே வருகிறேன்.

அத்தை என்று போட்டுக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ,
பெலிசித்தா

*

ஸ்பிரிங்வெளி
17.7.1972

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதமாட்டேன் என்றவள் எழுதுகிறேன். உங்கள் கடிதம் இரண்டு மாதத்துக்கு மேலாகக் கடையில் கிடந்திருக்கிறது. நான் பதுளைக்கே போகவில்லை. நேற்றுப் பயணச் சாமான் வாங்கப் போனபோது முதலாளி எடுத்துக் கொடுத்தார். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லாருக்கும் உடம்பில் ஒன்றுமில்லை.

பாஸ்போட் வந்துவிட்டது. ஆவணியில் பதுளையிலிருந்து ரயில், தலைமன்னாரில் கப்பல். இனி மாற்ற முடியாது. மாற்றினால் பொய் எழுதினோம் என்று அண்ணனையும் கிளாக்கரையும் பிடிப்பார்கள். அப்பா தோட்டத்தில் கணக்கு முடித்துவிட்டார். எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வேறு ஆள் பெயர் எழுதியாகிவிட்டது. போனாலும் பொய், நின்றாலும் இடமில்லை. பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி இருக்கிறது.

தினமும் காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் முன்னே கனகுவுக்குப் பாடம் நடக்கிறது. மதினியைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்கிறேன். அம்மா என்று சொன்னால் ஒரு துண்டு சக்கரை. என்னைக் காட்டி, "இது யாரு?" அத்தை என்று சொன்னால் இன்னொரு துண்டு. முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்தாள். இப்போது சக்கரை இல்லாமலே சொல்கிறாள்.

முடி ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டது. நீங்கள் சொன்னது சரி, அதே சுருள்தான். திரும்ப மொட்டை போடச் சொன்னார்கள். கத்தி பிடிக்க எனக்குக் கை வரவில்லை. தொப்பி பின்னிப் போட்டிருக்கிறேன். சீப்பு என் பெட்டியில் இருக்கிறது.

உங்கள் தங்கச்சி,
பாக்கியம்

*

மண்டபம் முகாம்
9.9.1972

அன்புள்ள அக்காவுக்கு, கடலைத் தாண்டி வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குக் காய்ச்சல், மற்றவர்கள் சுகம். அக்கரையில் நீங்கள் சுகமா?

தலைமன்னாரில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன், மதினி, கனகு முன்னால் நின்றார்கள். அப்பா அம்மாவோடு நான் பின்னால், மூன்று ஆள் தள்ளி. அதிகாரி பிள்ளையின் தொப்பியைக் கழற்றினார். படத்தைப் பார்த்தார், மதினியின் கொண்டையைப் பார்த்தார், மறுபடி பிள்ளையின் தலையைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, "பாப்பா, அம்மா எங்க?" என்று கேட்டார்.

கனகு திரும்பி என்னைப் பார்த்தாள். அக்கா, நான் குனிந்துகொண்டேன். பையின் வாயைக் கட்டுகிற மாதிரி குனிந்தே இருந்தேன். நிமிர்ந்தபோது அவள் மதினியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்தா அம்மா" என்றாள். சீல் குத்திவிட்டார். "தப்பிச்சோம்டா சாமி" என்று அப்பா கண்ணைத் துடைத்தார்.

தப்பிக்கவில்லை. இங்கே முகாமில் குடும்ப அட்டை வாரியாகப் பிரித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அண்ணனும் மதினியும் வேலை செய்யக்கூடிய வயது, அதனால் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டம். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எனக்குக் கல்யாணம் இல்லை, அதனால் சொந்த ஊர் முசிறிக்குப் போய்ப் பெட்டிக்கடை வைத்துப் பிழைக்க வேண்டுமாம். கனகு அண்ணன் அட்டையில் இருக்கிறாள். நான் எழுத்தரிடம் போய், "ஐயா, பிள்ளை என்னோடு வரட்டும்" என்றேன். "நீ யாரும்மா பிள்ளைக்கு?" என்று கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றார், அண்ணன் பக்கத்தில் நின்றான். அத்தை என்று சொன்னேன்.

அவர்கள் பஸ் நேற்றுப் போய்விட்டது. "ரெண்டு மாசத்துல நானே கொண்டாந்து விடுறேன் பாக்கியம்" என்று அண்ணன் சொன்னான். பஸ் ஏறும்வரை நாலு வகிடும் எடுத்து வாரிவிட்டேன். அவசரத்தில் சீப்பு என் கையிலேயே தங்கிவிட்டது.

நீங்கள் சாட்சிக்கு வருகிறேன் என்று எழுதிய கடிதத்தைப் பாஸ்போட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

பாக்கியம்

*

முசிறி
20.12.1972

அன்புள்ள ராசம்மா மதினிக்கு, இவ்விடம் அப்பாவும் நானும் சுகம். அம்மாவுக்குத்தான் இன்னும் எழுந்து நடக்கத் தெம்பில்லை. அவ்விடம் குளிருக்கு அண்ணனும் நீங்களும் பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளை இப்போது உங்களை நிஜமாகவே அம்மா என்று நினைக்கிறாள், என்னைப் பார்த்தால் குழம்பிப் போவாள், அதிகாரிகளும் வந்து வந்து எண்ணிப் பார்க்கிறார்கள், அதனால் இப்போதைக்கு வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். சரி மதினி. வரவில்லை.

முடி சிக்குப் பிடித்துக் கத்துகிறாள், மறுபடி மொட்டை போடப் போகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். மரச் சீப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காய்ந்த தலையில் சீப்பு வைக்காதீர்கள். முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய். விரலால் பிரித்துவிட்டுப் பிறகுதான் சீப்பு, நுனியிலிருந்து மேலே. அடிமுடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பளியில் தலை படாமல் துணி கட்டிப் படுக்க வையுங்கள். காதைப் பொத்திக்கொண்டால் பயம் என்று நினைக்க வேண்டாம், அது அவளுடைய பழக்கம்.

நாலு வகிடு எடுக்க வேண்டும். ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று மாமாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். கடைசி வகிடுக்கு, ஒன்று அம்மாவுக்கு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தலையைத் தரமாட்டாள். கூச்சப்படாமல் நீங்களே சொல்லுங்கள்.

கனகுவின் அத்தை,
பாக்கியலெட்சுமி